அரியணை சாய்ந்தது, படிநிலை சாய்ந்ததா?

வேலூர் நகருக்கு வடபால், பாலாற்றங்கரையில், முத்துமண்டபம் என்றொரு நினைவிடம் உண்டு. கண்டி நாட்டின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே துயில்கிறான். 1815-இல் அரியணை இழந்து, 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தவன். அந்தப் பக்கம் செல்லும்போதெல்லாம் நாம் சற்று நின்று பார்ப்பதுண்டு. ஒருபுறம் அரசனின் கல்லறை. மறுபுறம் மணல் மட்டும் மிஞ்சிய ஆறு. அந்த ஆற்றின் இருகரையிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பியக் கூட்டத்தில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேச நேர்ந்தது. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் கேட்டார்கள். நாமும் குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து, பதினாறாம் லூயி மன்னன் கொலைமேடை ஏறியது வரை சொல்லி முடித்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். நாற்பதாண்டுக் காலம் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர். விரல் நகங்கள் அரித்துப்போனவர். "சாமி, ராஜா தலையை வெட்டிட்டாங்க, சரி. தொட்டிக்குள்ள எறங்குறவன் யாரு, கரையில நின்னு வேலை வாங்குறவன் யாரு? அது மாறுச்சா?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் விடை சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

கோட்டைக்குள் இரண்டு அரச குடும்பங்கள்

பிரான்சு நாட்டுக்குப் போகுமுன் நம் வேலூர்க் கோட்டையை ஒருமுறை சுற்றிவருவோம். அங்கே திப்பு மகால் உண்டு. கண்டி மகாலும் உண்டு. இரண்டும் அரியணை இழந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்பவை. ஆனால் அவ்விரு அரியணைகளும் சாய்ந்த விதம் வேறு.

கண்டி மன்னன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். அவனை வீழ்த்தியது மக்கள் எழுச்சியன்று. அவனது சொந்தப் பிரதானிகளே அவனை வெறுத்து ஆங்கிலேயருடன் கைகோத்தார்கள். 1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது. மன்னன் நீக்கப்பட்டான், பிரதானிகளின் பதவியும் உரிமையும் மட்டும் எழுத்தில் காப்பாற்றப்பட்டன. அதாவது, தம் மேன்மையைக் காத்துக்கொள்வதற்காகவே மேன்மக்கள் மன்னனைக் கைவிட்டார்கள். பின்னர் அந்த மேன்மையும் குறுகத் தொடங்கவே, 1817-இல் ஊவாப் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அந்தக் கிளர்ச்சியும் தேடியது இன்னொரு மன்னனைத்தான்.

திப்புவின் மக்கள் கதை வேறு. 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் அவருடைய புதல்வர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் பொழுது புலருமுன் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். காரணம் நாமனைவரும் அறிந்ததே. நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழிக்க வேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கும்பினி நிர்வாகம் விதித்த கட்டளைகள். எளிய மனிதனின் உடல்மீதும் சமய உணர்வின்மீதும் கைவைத்த கட்டளைகள் அவை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையுடன் வந்து சேர்ந்ததும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அந்த மதில்களுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூண் அவர்களுக்கு நாம் செலுத்தும் காலம் தாழ்ந்த வணக்கம்.

அன்று சிப்பாய்கள் கோட்டையில் ஏற்றியது மைசூர் அரசின் கொடி. வாழ்த்தியது திப்புவின் மூத்த புதல்வர் பத்தே ஹைதரை. அவர்களுடைய துணிவில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நிய ஆட்சியை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்கள், அதற்கு மாற்றாக எண்ணிப் பார்க்க முடிந்தது இன்னோர் அரசனை மட்டுமே. அரசனும் இல்லாமல், பிறப்பால் உயர்ந்தோரும் இல்லாமல் ஒரு நாடு நடக்கக்கூடும் என்ற எண்ணம் இம்மண்ணில் அன்று வேர்கொள்ளவில்லை. அந்த எண்ணம் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

மூன்று நிலைகள்

அன்றைய பிரான்சின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம். அச்சமுதாயம் மூன்று நிலைகளாகப் பிரிந்திருந்தது. முதல் நிலை குருக்கள். இரண்டாம் நிலை பிரபுக்கள். மூன்றாம் நிலை மற்ற அனைவரும். முதல் இரண்டு நிலையினரும் சேர்ந்து நூற்றுக்கு இருவர் அளவே. முதன்மையான நிலவரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு. உழவனோ அரசனுக்கு நிலவரி, உப்புவரி, பண்ணையாருக்குக் குத்தகைக் கடன், திருச்சபைக்குப் பத்திலொரு பாகம் என்று நான்கு திசையிலும் கொடுத்தான்; அதற்குமேல் சாலை போடக் கூலியில்லா வேலையும் செய்தான். 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு உப்புவரியின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே நாம் தலைகுனிந்து ஒப்புக்கொள்ள வேண்டியதொன்று உண்டு. மேன்மக்களின் வரிசையில் முதல் இடத்தில் அமர்ந்திருந்தது நம் திருச்சபையே. நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதன் கையில் இருந்தது. ஆயர்கள் ஏறத்தாழ அனைவரும் பிரபு குலத்தவர். ஸ்திராஸ்பூர்க் ஆயராயிருந்த கர்தினால் ரோஆனின் ஆண்டு வருமானம் 4,00,000 லீவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அதே காலத்தில், பத்திலொரு பாகத்தைத் தன் கையில் பெறாத சிற்றூர்ப் பங்குத்தந்தைக்கு 1786-இல் உயர்த்தி நிர்ணயித்த ஆண்டுப் படி 700 லீவர். உழவன் கொடுத்த காணிக்கை பெரும்பாலும் தொலைவிலிருந்த மடத்துத் தலைவருக்கும் பேராலயக் குழுவினருக்கும் போயிற்று. அவனுக்குத் திருமுழுக்குக் கொடுத்து அவனை அடக்கமும் செய்த குருவானவரோ அவனோடு சேர்ந்து பசித்திருந்தார். குருத்துவம் ஒன்றுதான்; ஆனால் அதற்குள்ளும் தொட்டியும் கரையும் இருந்தன.

அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் அரசின் கடன் மலைபோல் குவிந்து, வருவாயில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே சென்றது. 1788-இல் ஆலங்கட்டி மழையும் வறட்சியும் விளைச்சலை அழித்தன. 1789 இளவேனிலில் பாரிசுக் கூலியாள் தன் கூலியில் பாதிக்கும் மேல் அப்பத்துக்கே கொடுத்தான். வேறு வழியின்றி, 1614-க்குப் பின் கூட்டப்படாதிருந்த மூன்று நிலைகளின் மன்றத்தை மன்னன் 1789 மே 5-ஆம் நாள் வெர்சாயில் கூட்டினான்.

இடம் மாறி அமர்ந்த பங்குத்தந்தையர்

மன்றம் கூடுமுன் ஊர்தோறும் மக்கள் தங்கள் குறைகளை எழுதித் தரும்படி கேட்கப்பட்டார்கள். பல இடங்களில் இதற்கான கூட்டம் பங்குக் கோவிலிலேயே நடந்தது. பண்ணையாரின் புறாக்கள் விதையைத் தின்பது முதல் உப்பின் விலை வரை அவற்றில் பதிவாயின. அந்தக் குறைப் பதிவேடுகளில் பெரும்பாலானவை மன்னனை வாழ்த்தியே தொடங்குகின்றன. மக்கள் முதலில் வெறுத்தது மன்னனையன்று. பிறப்பால் வந்த சலுகையை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

மன்றத்தில் முதல் சிக்கல் வாக்கெடுப்பு முறை. நிலைக்கு ஒரு வாக்கு என்றால் மேலிரண்டும் சேர்ந்து கீழ்நிலையை என்றும் தோற்கடிக்கும். தலைக்கு ஒரு வாக்கு வேண்டும் என்றது மூன்றாம் நிலை. ஆறு வாரம் இழுபறி. அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் யார் தெரியுமா? குருக்கள் நிலையின் சார்பில் வந்திருந்த ஏறத்தாழ முந்நூறு பேரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சிற்றூர்ப் பங்குத்தந்தையர். ஜூன் 13-ஆம் நாள் புவாத்துப் பகுதியைச் சேர்ந்த மூன்று பங்குத்தந்தையர் தம் இருக்கையை விட்டெழுந்து, மூன்றாம் நிலையினரின் அவைக்குள் நுழைந்து, அவர்களோடு அமர்ந்தனர். அவையில் எழுந்த மகிழ்ச்சி ஆரவாரம் அடங்க வெகுநேரமாயிற்றாம். அடுத்த நாள்களில் இன்னும் சிலர் வந்தனர். ஜூன் 17-இல் அந்த அவை தன்னைத் தேசிய மன்றம் என்று அறிவித்தது. ஜூன் 19-இல் குருக்கள் நிலை சிறு பெரும்பான்மையில் அதனோடு சேர முடிவெடுத்தது.

அவர்களுள் ஒருவர் லொரேன் பகுதியில் எம்பெர்மெனில் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை ஹென்றி கிரெகுவார், தையற்காரரின் மகன். யூதருக்குக் குடியுரிமை வேண்டும் என்று புரட்சிக்கு முன்பே எழுதியவர். கறுப்பின அடிமைகளுக்காக இறுதிவரை வாதாடியவர். அவரைப் பற்றிப் பின்னும் சொல்வோம்.

ஜூலை 14-ஆம் நாள் பாரிசு மக்கள் பஸ்தீல் கோட்டையைத் தகர்த்தனர். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். வெளியே உயிரிழந்தவர் ஏறத்தாழ நூற்றுவர். ஆயினும் அந்த மதிலோடு அச்சமும் இடிந்து விழுந்தது. நாட்டுப்புறத்தில் உழவர்கள் பண்ணை மாளிகைகளுக்குள் புகுந்து கடன் ஏடுகளைத் தீயிட்டனர். அதன் எதிரொலியாக ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவு, தேசிய மன்றத்தில் பிரபுக்களும் ஆயர்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தம் பரம்பரை உரிமைகளைத் துறந்தனர். வேட்டை உரிமை, பண்ணை நீதிமன்றம், கூலியில்லா வேலை, பத்திலொரு பாகம் எல்லாம் ஓரிரவில் கைவிடப்பட்டன. ஆகஸ்டு 26-இல் மனித உரிமைப் பிரகடனம் வெளிவந்தது. அக்டோபர் 5-ஆம் நாள் பாரிசுச் சந்தைப் பெண்கள் மழையில் நனைந்தபடி வெர்சாய்க்கு நடந்துபோய், மறுநாள் மன்னனையே நகருக்கு அழைத்துவந்தனர்.

அந்த ஆகஸ்டு இரவின் துறவு முழுத் துறவாயிருந்ததா? இல்லை. சில நாள்களில் சட்டம் எழுதப்பட்டபோது, நிலத்தைச் சார்ந்த கடன்களை உழவன் பணம் கொடுத்தே மீட்டுக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. ஈடு எதுவும் இன்றி அவை ஒழிந்தது 1793 ஜூலையில்தான். அதுவரை உழவர் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழ வேண்டியிருந்தது. இரவில் கண்ணீரோடு கொடுத்ததைப் பகலில் கணக்குப் பார்த்துத் திரும்பப் பெறுவது மனித இயல்பு போலும். தவக்காலச் சாந்து நாளில் நாம் எடுக்கும் தீர்மானங்களை எண்ணினால் அவர்கள்மீது கல்லெறியக் கை எழாது.

அரியணையின் வீழ்ச்சியும் அதன் விலையும்

மன்னன் மனம் ஒப்பி மக்களோடு நின்றிருந்தால் முடியாட்சி ஏதோ ஒரு வடிவில் நீடித்திருக்கலாம். 1791 ஜூன் 20-ஆம் நாள் இரவு அவன் மாறுவேடத்தில் குடும்பத்தோடு தப்பியோடி, வரேன் என்னும் ஊரில் பிடிபட்டான். அன்றோடு நம்பிக்கை முறிந்தது. 1792 ஆகஸ்டு 10-இல் அரண்மனை தாக்கப்பட்டது. செப்டம்பர் 21-இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது; அந்தத் தீர்மானத்துக்காக அவையில் முழங்கியவர்களுள் முன்னாள் பங்குத்தந்தை கிரெகுவாரும் ஒருவர். 1793 ஜனவரி 21-இல் பதினாறாம் லூயி கொலைமேடை ஏறினான். இறுதிவரை அவன் அருகில் நின்று செபித்தவரும் ஒரு குருவே. ஒரு குரு அரியணையைச் சாய்க்க வாதாடினார். இன்னொரு குரு அரியணை இழந்தவனின் ஆன்மாவைக் கைவிடவில்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் ஏற்க நாம் கற்றாக வேண்டும்.

விலையோ மிகப் பெரிது. 1790 ஜூலை 12-ஆம் நாள் இயற்றப்பட்ட குருக்கள் சட்டம், ஆயரையும் பங்குத்தந்தையையும் வாக்காளர் தேர்ந்தெடுப்பார்கள், அரசு ஊதியம் தரும் என்றது. அதற்குச் சத்தியம் செய்யும்படி குருக்களைக் கட்டாயப்படுத்தியது. திருத்தந்தை ஆறாம் பயஸ் அதைக் கண்டித்தார். ஆயர்களுள் எழுவரே சத்தியம் செய்தனர். பங்குத்தந்தையருள் ஏறத்தாழப் பாதிப்பேர் செய்தனர். நேற்றுவரை மக்களோடு அமர்ந்த அதே பங்குத்தந்தையர், இன்று தம் மனச்சான்றின்படி மறுத்ததற்காகப் பகைவர் ஆயினர். 1792 செப்டம்பர்ப் படுகொலையில் இருநூறுக்கும் மேற்பட்ட குருக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். அவர்களுள் ஆயர்கள் மூவர் உட்பட 191 மறைச்சாட்சிகளை 1926-இல் திருச்சபை அருளாளர்களாக உயர்த்தியது. 1794 ஜூலை 17-இல் கொம்பியேன் நகரத்துக் கார்மேல் சபைக் கன்னியர் பதினாறு பேர் ஒருவர்பின் ஒருவராகக் கொலைமேடை ஏறினர். அதற்குப் பத்தே நாளில் அச்ச ஆட்சியின் தலைவன் ரொபெஸ்பியர் வீழ்ந்தான். அக்கன்னியரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பரில் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

மறைச்சாட்சிகளை மட்டும் நினைத்து நின்றுவிடலாகாது. அச்ச ஆட்சியில் முறைப்படி மரண தண்டனை பெற்றவர் ஏறத்தாழ 17,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்களோ குருக்களோ அல்லர். உழவரும் கைவினைஞரும் வேலைக்காரருமே. எளியோரின் பெயரால் எழுந்த வாள் எளியோரின் கழுத்திலேயே அதிகமாக விழுந்தது. 1793 நவம்பரில், குருத்துவத்தையும் விசுவாசத்தையும் துறந்துவிட்டதாக அவையில் அறிவிக்கும்படி கிரெகுவாரை நெருக்கினார்கள். வேறு பலர் அறிவித்தார்கள், அவர் மறுத்தார். ஆயர் உடையிலேயே அந்த அவைக்குத் தொடர்ந்து வந்தார். திருத்தந்தை கண்டித்த சத்தியத்தைச் செய்தவர், அதைக் கடைசிவரை விலக்கிக்கொள்ளாதவர் என்பது உண்மை. அவரை நாம் முன்மாதிரியாக வைக்கவில்லை. எனினும் உயிருக்கு அஞ்சாமல் இருபுறமும் உண்மை சொன்னவர் என்பதை மறுப்பதற்கில்லை.

மீண்டும் முளைத்த சலுகை

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மேலே இருந்தவன் போனான். கீழே இருந்தவன் ஏறினானா?

1791-ஆம் ஆண்டு அரசியலமைப்பு குடிமக்களைச் செயல்படு குடிமக்கள், செயல்படாக் குடிமக்கள் என்று இரண்டாகப் பிரித்தது. மூன்று நாள் கூலிக்கு நிகரான வரி கட்டுபவனுக்கே வாக்கு. பெண்களுக்கு எந்த நிலையிலும் இல்லை. பெண்களின் உரிமைக்காக அதே ஆண்டு தனிப் பிரகடனம் எழுதிய ஒலம்ப் தெ கூழ் என்னும் பெண்மணி 1793 நவம்பரில் கொலைமேடைக்கு அனுப்பப்பட்டார். 1794 பிப்ரவரி 4-இல் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீண்டும் நிறுவினான். 1804-இல் அவனே பேரரசனாக முடிசூடிக்கொண்டான்.

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. புரட்சியின் செய்தி 1790 தொடக்கத்தில் கப்பலில் புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தது. அங்கும் குடிமக்கள் மன்றம் கூடிற்று. கூடியவர் ஐரோப்பியர். கலப்பினத்தவரான தோப்பாசியர் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று முறையிட வேண்டியிருந்தது. மனிதர் அனைவரும் சமம் என்னும் சொல் கடல் கடந்து வந்தது. பொருள் கப்பலிலேயே தங்கிவிட்டது. அக்காலத்தில்தான், 1792-இல், துபுவா அடிகளார் பிரான்சிலிருந்து புறப்பட்டு நம் நாட்டுக்கு வந்தார். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ப் பகுதியில் சிதறிய கிறிஸ்தவர்களிடையே உழைத்து 1823-இல் திரும்பினார்.

ஆனால் தோல் தொழிலாளர் நடுவே வாழும் நாம் மறக்கலாகாத சட்டம் ஒன்று உண்டு. 1791 ஜூன் 14-இல் லெ ஷாப்பெலியே என்பவர் முன்மொழிந்து நிறைவேறியது அது. பழைய கைவினைச் சங்கங்கள் அதற்குச் சிறிது முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. இச்சட்டமோ, தொழிலாளர் கூடிப் பேசிக் கூலி உயர்வு கேட்பதையே குற்றமாக்கியது. தனிமனித விடுதலைக்கு அது இடையூறாம்! முதலாளியும் தனி மனிதன், கூலியாளும் தனி மனிதன், இருவரும் சமம், தனித்தனியே பேரம் பேசட்டும் என்பது வாதம். ஆயிரம் பேரின் பிழைப்பைக் கையில் வைத்திருப்பவனும் அன்றாடக் கூலிக்காரனும் எந்தத் தராசில் சமம் ஆவர்? பிரான்சில் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாக 1864 வரையும், சங்கம் சட்டபூர்வமாக 1884 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறப்பின் சலுகை போன இடத்தில் பணத்தின் சலுகை வந்து அமர்ந்தது. நாற்காலி காலியாகவே இருக்கவில்லை.

இச்சட்டத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1891 மே 15-ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டார். பழைய சங்கங்கள் ஒழிந்தன, அவற்றின் இடத்தில் எதுவும் வரவில்லை, உழைப்பவர் துணையற்றுத் தனியே விடப்பட்டனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். சங்கம் சேர்வது மனிதனின் இயற்கை உரிமை என்றும், குடும்பம் பிழைக்கப் போதாத கூலியை ஒருவன் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டாலும் அது நீதியாகாது என்றும் கற்பித்தார். புரட்சி எழுதாமல் விட்ட வரியை ஒரு திருத்தந்தை எழுதினார் எனலாம். ஆனால் நூறாண்டு தாமதமாக என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரையில்

நம் நாட்டில் அரசர்களின் தலை எதுவும் உருளவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இணைந்தன. சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. மன்னர் மானியம் 1971-இல் நின்றது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியலமைப்பின் முகப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அதை வரைந்த குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர், வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக நாடு முரண்பாட்டுக்குள் நுழைகிறது என்று 1949 நவம்பர் 25-ஆம் நாளே எச்சரித்தார்.

அந்த முரண்பாட்டை இந்த ஆற்றங்கரையில் கண்ணால் காணலாம். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தது. ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. அதை நாம் மறுக்கவில்லை. காலணித் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகும் நம் பெண்மக்களின் ஊதியத்தால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிப் படியேறினர். ஆனால் நீரும் நிலமும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். தொட்டிக்குள் இறங்குபவன் யார் என்ற கேள்விக்கு அந்த விடியற்காலை தந்த விடை அது.

ஊரைச் சொல்லி நம்மை மறப்பது முறையன்று. தமிழகத் திருச்சபையில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், சாதிக்கொரு தேர்வீதி என்று நின்ற ஊர்கள் உண்டு. தமிழக ஆயர்கள் 2003 நவம்பரில் உரோமை சென்றிருந்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதியுணர்வின் நிழல்கூடத் திருச்சபையின் இயல்புக்கு முரணானது என்று அவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கென 2016-இல் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அரசன் இல்லாத இடத்திலும் அரியணைகள் இருக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று பங்குப் பேரவையில் எழும் சச்சரவுகளுக்கு நடுவர்களாக அமர்ந்த நாள்களில், வெர்சாய் நமக்கு வெகு தொலைவில் இல்லை என்று தோன்றியதுண்டு.

இவற்றிலிருந்து நாம் கொள்ளக்கூடிய படிப்பினை ஒன்றே. கண்டியில் மேன்மக்கள் மன்னனைத் துறந்து மேன்மையைக் காத்தனர். வேலூரில் சிப்பாய்கள் அவமதிப்பை எதிர்த்து உயிரைத் தந்தனர். ஆனால் வேறோர் அரசனைத் தேடினர். பிரான்சில் மக்கள் மன்னனையும் மேன்மக்களையும் சேர்த்தே வீழ்த்தினர். ஆயினும் சலுகை வேறு உடை உடுத்தித் திரும்பி வந்தது. அரியணையைக் கும்பல் ஒரு நாளில் தகர்த்துவிடலாம். படிநிலையைத் தகர்க்க இரண்டு வேண்டும். கீழே இருப்பவர் ஒன்றுசேர்ந்து நிற்பது ஒன்று. மேலே இருப்பவருள் சிலரேனும் தாமாக எழுந்து வந்து அவர்களோடு அமர்வது மற்றொன்று. 1789 ஜூன் 13-இல் அந்த மூன்று பங்குத்தந்தையர் செய்தது இரண்டாவதை. அவர்கள் யாரையும் கொல்லவில்லை, எதையும் கொளுத்தவில்லை. நடந்துபோய் அமர்ந்தார்கள், அவ்வளவே. இராவுணவு வேளையில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடியில் அமர்ந்தவரின் வழி அது. மரியன்னையின் பாடலை மாலைதோறும் செபிக்கும் நாம், அதில் வரும் அரியணை அடுத்தவருடையது என்றே எண்ணிப் பழகிவிட்டோம்.

அந்தப் பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றினோம். குழியருகே நின்று புனித நீர் தெளித்தபோது அவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அன்று சொல்லாத விடையை இன்று சொல்வதானால் இப்படித்தான் சொல்வோம்: "இல்லை, ஐயா, முழுவதும் மாறவில்லை. நீங்கள் தொட்டிக்குள் நின்றீர்கள். நாங்கள் கரையில் நின்று உங்களுக்காகச் செபித்தோம். இறங்கி வந்திருக்க வேண்டும்."